வால்வு புதுசுதானுங்க

தம்பி, கோவிச்சுக்காதீங்க, அந்தப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கமா நகத்தி வெச்சுக்கறீங்களா. இல்லீங்க, மடியில இருக்கறது சாப்பாடு இல்லீங்க. டப்பா டிபன் டப்பாதான், உள்ள இருக்கறது பஞ்சு. பஞ்சுக்குள்ள ஒரு வால்வு. கண்ணாடிச் சாமானுங்க. ஈச்சனாரி தாண்டறதுக்குள்ள இந்த டிரைவரு நாலு தடவை குலுக்கிருவான், அதுக்குத்தான் சொன்னேன்.

மணி என்னுங்க ஆச்சு? பத்தே காலா? உக்கடத்துலயே கால் மணி நேரம் நின்னுட்டான். பொள்ளாச்சிக்குப் பதினொன்றரைக்குப் போனாப் போதும், அவசரமெல்லாம் ஒண்ணுமில்லை. அவசரம் இல்லைதான். ஆனா பாருங்க, மறுபடி நிக்கறான்.

ரேடியோ வால்வுங்க. பெட்டி ரேடியோ. சுவிட்சைப் போட்ட உடனே பாடாது, அரை நிமிஷம் சூடாகணும். முன்னாடி ஒரு வட்டக் கண்ணாடி பச்சையா எரியும். இங்கிலீஷ்ல 'மேஜிக் ஐ'ம்பாங்க, நாங்க 'பச்சைக்கண்ணு'ம்போம். ஸ்டேஷன் சரியா வந்து சேந்தா அதுக்குள்ள இருக்கற நெழலு சுருங்கும், வெலகுனா அகலமாகும். அந்தப் பச்சைக்கண்ணே ஒரு வால்வுதான். அதுதான் இது.

எங்க சம்பந்தி ஊட்டு ரேடியோவுக்குங்க. அவுரு ஊட்டு ரேடியோன்னா, நான் குடுத்ததுதான். எம்பொண்ணுக்குச் சீராக் குடுத்தேன். சிரிக்காதீங்க தம்பி. பீரோ, கட்டிலு, மிக்சி, பாத்திரம், எல்லாம் குறையில்லாமத்தான் வெச்சேன். ரேடியோ அவுரா கேட்டது.

பொண்ணு பாக்க வந்தாங்க. போன தை மாசம். மாப்பிள்ளை கோகுல், அவுங்கம்மா தெய்வானை, அப்பா சென்னியப்பன். பொள்ளாச்சியில கொப்பரைக் களம் வெச்சிருக்காங்க. எல்லாரும் பொண்ணைப் பாக்கறாங்க, இந்த மனுசன் மட்டும் மூலையில இருந்த ரேடியோவைப் பாக்கறாரு. எந்திரிச்சுப் போயி அதைத் தடவிப் பாக்கறாரு. 'ஏனுங்க, இந்தப் பெட்டியும் பொண்ணு கூட வருதுங்களா'ன்னாரு. தமாசுக்குத்தான். இருவது பேரு உக்காந்திருக்கோம், எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஒரு மாதிரி ஆளுங்க. முப்பத்தொரு வருஷம் மில்லுல எலக்ட்ரீசியன். மோட்டார் கத்தறதை வெச்சே கோளாறு எங்கன்னு சொல்லிருவேன். ஒருத்தரு கேட்டு இல்லைன்னு சொல்லிப் பழக்கமில்லை. 'வருதுங்க'ன்னேன். அதோட நின்னிருக்கலாம். 'வர்றது மட்டுமில்லீங்க, பச்சைக்கண்ணைப் புத்தம் புதுசா மாத்தியே வருது'ன்னேன்.

வால்வு புதுசுங்க. அதை மொதல்லயே சொல்லிர்றேன். புதுசுதானுங்க.

பொண்ணு அங்கதான் உக்காந்திருக்கா. டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, மெரூன் கலர் சுடிதார். திரும்பிப் பாக்காதீங்க, பேசறோம்னு தெரிஞ்சிரும். மோகனா. மோகனப்பிரியா. இடமில்லைன்னு அவ முன்னாடி உக்காந்துட்டா, நல்லதாப் போச்சு. அவ இன்னிக்கு ஏன் வர்றான்னா, நான் பின்னாடி வால்வு மாட்டறப்ப முன்னாடி நின்னு குமிழைத் திருப்ப ஒரு ஆளு வேணும். அவளா சொன்னா, 'நான் வர்றேன்ப்பா, திருப்பறேன்'னு. திருப்பிட்டு அஞ்சு மணி பஸ்ஸுல ரெண்டு பேரும் திரும்பிருவோம். பெரிய பையா ஒண்ணு வெச்சிருக்கா, காலுக்கடியில. எதுக்கு அம்மிணின்னேன். 'சும்மாப்பா'ன்னுட்டா.

கல்யாணம் பங்குனியில ஆச்சு. ரேடியோ ஜம்முனு பாடுச்சு. பச்சைக்கண்ணு பளிச்சுன்னு எரிஞ்சுது. சம்பந்தி அதை நடு ஹால்ல, டிவிக்கு மேல ஒரு பலகை அடிச்சு வெச்சாரு. எம்பொண்ணு வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை பின்பலகையைக் கழட்டித் தூசி தட்டுவாளாம். அப்படிப் பாத்துக்கிட்டா. சித்திரை போச்சு, வைகாசி போச்சு. ஆனி கடைசியில ஒரு பத்து ஒறம்பரை, சொந்தக்காரங்க, வந்திருக்காங்க. சம்பந்திக்கு அவங்ககிட்டக் காட்டணும். சுவிட்சைப் போட்டாரு. பாட்டு வருது. கண்ணு எரியலை. அரை நிமிஷம், ஒரு நிமிஷம், அஞ்சு நிமிஷம். இருட்டா நிக்குது. யாரோ ஒருத்தன் சிரிச்சிருக்கான்.

அந்தச் சிரிப்புல சம்பந்தியம்மா தெய்வானைக்கு மானம் போச்சு. 'புதுசு புதுசுன்னு சொல்லிப் பழசைத் தலையில கட்டிட்டாங்க'ன்னு ஒறம்பரை முன்னாடி சொல்லிருச்சு. எம்பொண்ணு அடுப்படியில இருந்து வந்தா. 'எங்கப்பா புதுசுன்னு சொன்னாப் புதுசுதான்'னா. அந்தம்மா ஒண்ணு சொல்ல, இவ ஒண்ணு சொல்ல, 'பொய் சொல்றவன் ஊட்டுப் பொண்ணு'ங்கற வரைக்கும் போயிருச்சு. மாப்பிள்ளை வாயையே தெறக்கலை. அவன் நல்ல பையன்தான், அவுங்கம்மா முன்னாடி மென்னு முழுங்குவான். இவ பையை எடுத்துட்டு வந்துட்டா.

எங்க பக்கத்துல ஆடி மாசம் புதுப் பொண்ணைத் தாய் ஊட்டுக்குக் கூட்டியாந்துருவாங்க, உங்களுக்கே தெரியும். மாசம் முடிஞ்சா மாப்பிள்ளை ஊட்டுல வந்து மொறையாக் கூட்டிட்டுப் போவாங்க. இவ ஆடி பொறக்கறதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே தானா வந்து நின்னா. பக்கத்து ஊட்டுல 'ஆடிக்குக் கூப்புட்டாந்துட்டீங்களா'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். ஆவணி வந்துச்சு, யாரும் வல்லை. 'இன்னும் ஆடி முடியலீங்களா'ன்னாங்க. புரட்டாசியில கேக்கறதை நிறுத்திட்டாங்க. கேட்டாக் கூட ஏதாச்சும் சொல்லிக்கலாம் தம்பி. நிறுத்துனதுதான் தாங்க முடியலை.

என் சம்சாரம் போயி எட்டு வருஷமாச்சு. நானும் இவளும்தான். இவ கல்யாணமாகிப் போனப்பறம் ஊட்டுல நான் பேசுனா சுவரு கேக்கணும். இப்ப இவ இருக்கறா, ரெண்டு டம்ளர் காப்பி, ரெண்டு தட்டு. அதுக்காக இங்கயே இருக்கட்டும்னு நான் நெனக்கலீங்க. அப்படி நெனக்கறவன் இல்லை. அவீங்க வந்து மொறையாக் கூப்பிட்டா அன்னிக்கே அனுப்பிருவேன்.

மலுமிச்சம்பட்டியா இது? பரவால்ல, ஓட்டறான்.

ஆவணி பத்து தேதியிருக்கும், சம்பந்தி போன் பண்ணுனாரு. சரி, கூப்பிடத்தான் வர்றாங்கன்னு நெனச்சேன். 'சம்பந்தி, அந்தக் கண்ணு எரியலீங்க. வந்து ஒரு பார்வை பாக்கறீங்களா'ன்னாரு. அவ்வளவுதான். பொண்ணு எப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்கணுமா இல்லையா? எனக்கு வந்த கோவத்துக்குப் போனை வெச்சிருக்கணும். ஆனா பாருங்க, கண்ணு எரியலைன்னா அது என் மானம். போனேன். சம்பந்தியாப் போகலை, மெக்கானிக்காப் போனேன். டெஸ்ட் மீட்டரு, பத்தவெக்கற அயர்னு, திருப்புளி, எல்லாம் ஒரு பையில. கூட ஒரு பாட்டில்ல தண்ணி. சண்டை இருக்கற ஊட்டுல கை நனைக்கக் கூடாதில்லீங்களா. அந்தம்மா சொம்புல தண்ணி கொண்டாந்து டிவி பக்கத்துல வெச்சுது. குடிங்கன்னும் சொல்லலை. நான் தொடலை. சாயங்காலம் நான் கெளம்பறப்ப சொம்பு அப்படியே இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் வெக்கும், ஒவ்வொரு தடவையும் அப்படியே இருக்கும்.

மொத தடவை ரெசிஸ்டர்னு பாத்தேன். அந்தக் கண்ணுக்கு அடியில சாக்கெட்டுக்குள்ளயே ஒரு ரெசிஸ்டர் ஒளிஞ்சுட்டு இருக்கும். அது போறது சகஜம். மாத்துனேன். எரியலை. ரெசிஸ்டர்தான், இன்னும் சூடு புடிக்கணும்னு சொல்லிட்டு வந்துட்டேன். மோகனா கேட்டா, 'என்னப்பா கோளாறு'ன்னு. ரெசிஸ்டரு அம்மிணின்னேன். 'அதானே'ன்னா. அவளுக்கு அப்பன் மேல அப்படியொரு நம்பிக்கைங்க.

ரெண்டாந்தடவை கண்டென்சரு. மூணாந்தடவை ஏரியல் ஒயரு. மொட்டை மாடியில ஏறி இருவதடி கம்பி கட்டுனேன், கண்ணு எரியறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனா கட்டுனேன். நாலாந்தடவை அந்த ஊட்டுக் கரண்டுல ஓல்டேஜ் கம்மின்னு சொல்லி ஸ்டெபிலைசர் வாங்க வெச்சேன். அஞ்சாந்தடவை எலி. எலி ஒயரைக் கடிச்சிருக்குன்னு சொன்னேன். எலிப் பொறி நானே வாங்கிட்டுப் போயி வெச்சேன். சம்பந்தி தெனமும் அதுல ஒரு துண்டுக் கொப்பரை வெச்சாராம், ஒரு மாசம். ஒரு எலி உழுகலை. கொப்பரைக் களத்துக்காரன் ஊட்டு எலிக்குக் கொப்பரை சலிச்சிருக்கும்னு சொன்னேன். அந்த மனுசன் சிரிக்கலை. டார்ச்சைப் புடிச்சுட்டு என் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பாரு. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். களத்துல ஆளுங்க நிக்கறாங்க, போன் வந்துட்டே இருக்கும், எடுக்க மாட்டாரு. பேசவும் மாட்டாரு. அப்படியொரு அழுத்தம்.

பஸ் ஸ்டாண்டுக்கு மாப்பிள்ளை வண்டியில வந்து கூட்டிட்டுப் போவான். 'மோகனாவுக்குச் சளி தேவலைங்களா மாமா'ம்பான். இவளுக்குச் சளி புடிச்சது இவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியலை. இவகிட்டக் கேட்டா, யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னுட்டா. தெனமும் எட்டு மணிக்குப் போனை எடுத்துட்டு மாடிக்குப் போயிருவா. ஆபீஸ் போனுங்க. ஒரு மணி நேரம் பேசுவா. இந்தக் காலத்துல ஆபீஸ்ல அவ்வளவு வேலை வாங்கறாங்க.

ஐப்பசியில போனப்பத்தான் அது நடந்துச்சு. நான் உள்ள தலையை உட்டுட்டு ஒவ்வொரு ஒயராத் தட்டிட்டு இருக்கேன். சம்பந்தி மெதுவா, 'சம்பந்தி, அந்தக் கண்ணு வால்வை மட்டும் இன்னும் ஒரு தடவை கூடக் கழட்டிப் பாக்கலீங்களே'ன்னாரு. எனக்குச் சுருக்குன்னுது. 'அது புதுசுங்க. புதுசைப் போயி என்னத்துக்குக் கழட்டறது'ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். அடுப்படி வரைக்கும் கேக்கற மாதிரி. அவுரு டார்ச்சை அணைச்சாரு. 'சரீங்க'ன்னாரு. அந்த 'சரீங்க' இருக்குதே, அதுக்கு ஒரு அறை குடுத்திருக்கலாம்.

புதுசுதானுங்க. புதுசு மாதிரி.

என்ன அப்படிப் பாக்கறீங்க. கெடைக்கலீங்க தம்பி. அந்த நம்பர் வால்வு இப்ப யாரும் செய்யறதில்லை. சென்னையில ஒரு ஆளுகிட்டச் சொன்னேன், பழைய ரேடியோக் கடை ஒண்ணு விடலை, எல்லாரும் பாக்கறேன் பாக்கறேன்னாங்க. பங்குனி வந்துருச்சு. மொகூர்த்தக்கால் நட்டாச்சு. இருவது பேரு முன்னாடி சொன்ன வார்த்தை. பழைய வால்வுக்கு ஓல்டேஜைக் கொஞ்சம் ஏத்திக் குடுத்தா மூணு நாலு மாசத்துக்குப் பளிச்சுன்னு எரியும், அப்பறம் ஒரேடியாப் படுத்துரும். எல்லாரும் பண்றதுதான். நான் என்ன நெனச்சேன்னா, நாலு மாசத்துக்குள்ள புதுசு சிக்கிரும், ஒரு நாள் பொண்ணைப் பாக்கப் போற மாதிரிப் போயி சத்தமில்லாம மாத்திரலாம்னு. சிக்கலை. நாலு மாசம் நிக்க வேண்டியது மூணே மாசத்துல போச்சு. அதைப் பொய்யின்னு சொல்லுவீங்களா நீங்க? தள்ளிப் போட்டது. அவ்வளவுதான்.

இவ அங்க 'எங்கப்பா புதுசுன்னு சொன்னாப் புதுசுதான்'னு நிப்பான்னு எனக்கு என்ன தெரியும். அதைச் சொல்லி ஊட்டை உட்டு வந்துட்டாளே. வந்து நின்னவகிட்ட, பழசுதான் அம்மிணி, நான்தான் ஏமாத்துனேன்னு எந்த அப்பன் சொல்லுவான். ஆடியில சொல்ல முடியலை. ஆவணியில சொன்னா, ஏன் ஆடியில சொல்லலைம்பா. ஒவ்வொரு மாசமும் கூடிட்டே போகுது தம்பி. அதுக்குத்தான் ரெசிஸ்டரு, கண்டென்சரு, எலி எல்லாம். வால்வைத் தவிர எல்லாத்தையும் பாத்தேன். எனக்குத் தெரியாமயா பாத்தேன்.

ஒத்தக்கால்மண்டபம் வந்துருச்சா. இங்க ஒரு ரெண்டு நிமிஷம் நிப்பான். தண்ணி குடிக்கறீங்களா? எங்கிட்ட இருக்குது. நான் குடிக்கலை, பாட்டில் நெறைய இருக்கட்டும்.

போன வாரம் ஒரு பார்சல் வந்துச்சு. நான் ஊட்டுல இல்லை, மோகனாதான் கையெழுத்துப் போட்டு வாங்கி வெச்சிருந்தா. பிரிக்கலை. ஒட்டுன டேப்பு அப்படியே இருந்துச்சு, டேப்பு மேல டேப்பு, ரெண்டு வரிசை. கூரியர்காரங்க அப்படி ஒட்டுவாங்க போல. பிரிச்சா உள்ள வால்வு. அதே நம்பரு. அட்டைப் பெட்டி கூடக் கசங்கலை. பெட்டியை மூடி, மறுபடி தெறந்து நம்பரைப் பாத்தேன். அன்னிக்குச் சாயங்காலம் சம்பந்தி போன் பண்றாரு. 'கோகுலு கம்ப்யூட்டர்ல தேடி வெளிநாட்டுல இருந்து வரவெச்சான் சம்பந்தி. நீங்க வந்து மாட்டிருங்க. ரெசிஸ்டர்தான் போயிருந்துச்சு, அது இப்பத்தான் கெடைச்சுதுன்னு நான் எங்கூட்டுல சொல்லிட்டேன். கேக்கறவங்ககிட்ட நீங்களும் அப்படியே சொல்லிருங்க'ன்னாரு.

திமிரைப் பாத்தீங்களா? எனக்குத் தெரியும்டான்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி இல்லையா இது? இவனுக்கு எப்பத் தெரியும்? ஐப்பசியிலயா? ஆவணியிலயா? எல்லாம் தெரிஞ்சுட்டே ஒரு மாசம் எலிக்குக் கொப்பரை வெச்சிருக்கான் தம்பி. நான் ஏரியல் கட்டறேன்னு மாடிக்கு ஏறுனா கீழ நின்னு ஏணியைப் புடிச்சிருக்கான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சண்டையாச்சும் போட்டிருப்பேன். இப்ப அவன் பொண்டாட்டிகிட்டயும் எனக்காகப் பொய் சொல்லி வெச்சிருக்கான். நான் கேட்டனா? எனக்காகப் பொய் சொல்லுன்னு நான் கேட்டனா?

மூணு நாளா எனக்குத் தூக்கமில்லை. சம்பந்தியை நெனச்சு இல்லீங்க. அவன் கெடக்கறான். எனக்கு இவதான் கவலை. மாட்டறதுன்னா பழசைக் கழட்டணுமில்லீங்களா. கழட்டுனா இவ பாத்துருவா. அந்தப் பழசுக்கு அடியில நடுக்கட்டை ஒடஞ்சது. கட்டை இருந்தா சாக்கெட்டுல ஒரே வழியிலதான் உக்காரும். ஒடஞ்சா எந்தப் பக்கம் வேணாலும் உக்காரும், மாத்தி உக்காந்தா ரேடியோவே போச்சு. அதுக்காக அடையாளத்துக்கு அடிப்பகுதியோட ஓரத்துல சிவப்பா ஒரு பொட்டு வெச்சிருந்தேன். நகப் பாலிஷ். இவ பன்னண்டாவது படிக்கறப்ப இவ பாட்டிலை எடுத்துத்தான் வெச்சேன். கை தவறிப் பாட்டிலைக் கொட்டிட்டேன், ஒரு மூச்சு அழுதா. பத்து வருஷமாச்சு, அவளுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது. ஆனா பொட்டைப் பாத்தா ஞாபகம் வந்துரும். புது வால்வுக்கு எவன் பொட்டு வெப்பான், கட்டை ஒடஞ்ச புது வால்வு எங்க இருக்குது. பாத்தா முடிஞ்சுது.

அதுனால ஒரு ரோசனை பண்ணி வெச்சிருக்கேன். ஊட்டுக்குள்ள போன உடனே ரேடியோவைத் திருப்பி வெச்சுருவேன். பின்பலகையைக் கழட்டுவேன். கழட்டிட்டு, 'அம்மிணி, தண்ணி வேணும்'பேன். அவ அடுப்படிக்குப் போவா. அந்த அரை நிமிஷம் போதும். பழசைப் புடுங்கிச் சட்டைப் பையில போட்டு, புதுசைச் சொருகிருவேன். ஆடியில இருந்து அந்த ஊட்டுல பச்சைத்தண்ணி தொடாம இருந்துட்டு, இன்னிக்கு வாயைத் தெறந்து தண்ணி கேக்கப் போறேன். வேற வழியில்லை. குடிக்க மாட்டேன், வாங்கிக் கீழ வெச்சுக்குவேன்.

எரிஞ்சிரும். எரிஞ்ச உடனே அந்தம்மா பாக்கும். ரெசிஸ்டர்தானுங்கன்னு சொல்லிருவேன். அந்தம்மாவே கூப்புட்டாலும் கூப்பிடும், 'இரு மோகனா'ன்னு. இவ என்ன சொல்லுவாளோ. பையை வேற எடுத்துட்டு வந்திருக்கா.

அந்தப் பை. தம்பி, அந்தப் பை ரொம்பக் கனமுங்க. நான்தான் பஸ்ஸுல ஏத்துனேன். குமிழு திருப்பறதுக்கு யாராச்சும் அவ்வளவு பெரிய பை எடுத்துட்டு வருவாங்களா?

கிணத்துக்கடவு தாண்டிட்டான். இந்த மேட்டுக்கப்பறம் வேகமாப் போவான். இன்னும் அரை மணி நேரம்தான்.

என்னுங்க கண்டக்டரு? எனக்கா? முன்னாடி இருந்து குடுத்து உட்டிருக்கா? இருங்க தம்பி, டிக்கெட் மீதி மாதிரி கை மாத்திக் கை மாத்தி என்னமோ வருது. வாங்கிக் குடுங்க. சின்னப் பாட்டிலு.

நகப் பாலிஷ்.

சிவப்பு. என்னுங்க சொல்லி உட்டா? கண்டக்டரு, மறுபடி சொல்லுங்க, சத்தத்துல கேக்கலை. 'புதுசுக்கும் ஒரு பொட்டு வெச்சிருங்கப்பா'ன்னா? அப்படியா சொன்னா? சிரிச்சுட்டுச் சொன்னாளா, சும்மா சொன்னாளா?

தம்பி.

டேப்பு மேல டேப்பு ஒட்டியிருந்துச்சுன்னு சொன்னனில்ல. பார்சலை இவதான் பிரிச்சுப் பாத்து ஒட்டியிருக்கா. இல்லை, அது இல்லீங்க. பொட்டு. பொட்டை எப்பப் பாத்தா? வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை பின்பலகையைக் கழட்டித் தூசி தட்டுனவ. சித்திரையிலயே பாத்திருக்கா. அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுட்டுத்தான் ஒறம்பரை முன்னாடி 'எங்கப்பா புதுசுன்னு சொன்னாப் புதுசுதான்'னு நின்னிருக்கா. அந்தம்மா சொன்னது நெசம்னு தெரிஞ்சும் என் பொய்யைத் தூக்கிட்டுப் பையோட வந்து நின்னிருக்கா. நானா சொல்லுவேன்னு இருந்திருக்கா தம்பி. அஞ்சு மாசம். தெனமும் காப்பி வெச்சுக் குடுத்துட்டு, 'என்னப்பா கோளாறு'ன்னு கேட்டுக் கேட்டு. நான் ரெசிஸ்டர்னேன். எலின்னேன். 'அதானே'ன்னா.

நான் ஒரு மனுசனா.

இல்லை, திரும்பிப் பாக்கறா. நீங்க பாக்காதீங்க. பாருங்க, பரவால்ல. சிரிக்கறா. என் சம்சாரம் மாதிரியே சிரிக்கறா, வாயை மூடிட்டு.

இந்த டப்பாவைக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா. ஒரு தடவை பஞ்சை வெலக்கிப் பாத்துக்கறேன். இதுல எதுக்குங்க பொட்டு வெக்கறது, இதுக்குக் கட்டை நல்லா இருக்குது. ஒரே வழியிலதான் உக்காரும். ஆனா வெக்கச் சொன்னா வெச்சிர வேண்டியதுதான். அவ முன்னாடியே பழசைக் கழட்டி அவ கையில குடுத்துட்டு, அப்பறம் வெக்கறேன்.

அந்த ரோசனையெல்லாம் வேண்டியதில்லை இனி. அவளை அடுப்படிக்கு அனுப்பறதுக்குத் தண்ணி கேக்க வேண்டியதில்லை.

கேட்டுருவேன் தம்பி. அந்தம்மாகிட்டயே கேட்டுருவேன். குடிக்கறதுக்கே கேட்டுருவேன்.